எளியோர் கைக்கு வந்த காமிரா



நம் தோட்டப்புற வீடுகளில் பழைய தகரப் பெட்டி ஒன்று இருக்கும். இல்லையென்றால் பெருநாளுக்கு வாங்கிய ரொட்டி டின் இருக்கும். பிறப்புப் பத்திரம், சம்பளச் சீட்டு, அடகுச் சீட்டு எல்லாவற்றுக்கும் அடியில் சில நிழற்படங்கள் கிடக்கும். தாத்தாவின் அடையாளக் கார்டுப் படம் ஒன்று. பட்டணத்துப் படக் கடையில், வரைந்த திரைக்கு முன்னால் நின்று எடுத்த கல்யாணப் படம் ஒன்று. துரை மாற்றலாகிப் போன நாளில் ஆபீஸ் வாசலில் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி எடுத்த கூட்டுப் படம் ஒன்று.

அவற்றைக் கையில் எடுக்கும்போது, "இது யார், அது யார்" என்று கேட்கிறோம். "இந்தப் படத்தை எடுத்தது யார்?" என்று கேட்பதில்லை. அடையாளக் கார்டுப் படத்தை எடுக்கச் சொன்னது அரசாங்கம். கல்யாணப் படத்தை எடுத்தவர் கடைக்காரர். கூட்டுப் படம் துரைக்காக எடுக்கப்பட்டது. நம் தாத்தாவும் பாட்டியும் தாங்களே விரும்பி, தங்கள் கையால் எடுத்த படம் அந்தப் பெட்டியில் அநேகமாக இருக்காது.

ஏன் இல்லை? சாதாரண மக்கள் தங்கள் படத்தைத் தாங்களே எடுத்துக்கொள்ளும் காலம் எப்போது பிறந்தது? அதை உண்டாக்கியது ஒரு சிறு அட்டைப் பெட்டி. விளையாட்டுச் சாமானைப் போன்ற அந்த எளிய காமிராவின் வரலாற்றை இன்று பார்ப்போம்.

நிழற்படம் எடுக்கும் முறை 1839ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதன்பின் ஏறத்தாழ 40 ஆண்டுகள் வரை படம் எடுப்பது பெரிய வேலையாகவே இருந்தது. கண்ணாடித் தகட்டின் மேல் இரசாயனக் கலவையைப் பூச வேண்டும். அது ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, உடனே இருட்டில் வைத்துக் கழுவ வேண்டும். வெளியூர் சென்று படம் எடுப்பவர் காமிராவோடு கூடாரம், கண்ணாடித் தகடுகள், மருந்துப் புட்டிகள் ஆகியவற்றையும் சுமந்து போவார். தொடக்க காலத்தில் படம் எடுக்கப்படுபவர் நெடுநேரம் ஆடாமல் அசையாமல் உட்கார வேண்டியிருந்தது. தலை அசையாமல் இருக்கப் பின்னால் இரும்புக் கவை கொடுத்து நிறுத்தினார்கள். அந்தக் காலத்துப் படங்களில் யாருமே சிரிக்காமல் விறைப்பாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அசையாமல் இருக்க வேண்டிய நேரத்தில் சிரிப்பை எப்படிப் பிடித்து வைப்பது?

இந்தச் சுமையைக் குறைக்க நினைத்தவர் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரைச் சேர்ந்த ஜார்ஜ் ஈஸ்ட்மன். 1854இல் பிறந்த அவர் சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். குடும்பக் கஷ்டத்தால் 14ஆம் வயதில் பள்ளியை விட்டு நின்று, வாரம் 3 டாலர் சம்பளத்துக்குக் காப்புறுதி நிறுவனம் ஒன்றில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். பின்னர் வங்கியில் எழுத்தர் ஆனார். 1877ஆம் ஆண்டு வாக்கில், போக நினைத்திருந்த ஒரு பயணத்துக்காகப் படக் கருவிகளை வாங்கினார். வாங்கிய பொருள்கள் ஒரு குதிரை சுமக்கும் பாரமாக இருந்தன. அவர் அந்தப் பயணம் போகவில்லை. ஆனால், "இவ்வளவு சுமை எதற்கு?" என்ற எண்ணம் அவரை விடவில்லை. பகலில் வங்கி வேலை, இரவில் அம்மாவின் சமையலறையில் ஆராய்ச்சி என்று காலம் போயிற்று. முதலில் உலர்ந்த தகடு செய்தார். பிறகு சுருட்டி வைக்கும் பிலிமுக்கு வந்தார்.

1888இல் அவர் கோடாக் என்ற பெயரில் ஒரு கைக் காமிராவை வெளியிட்டார். அதனுள் 100 படத்துக்கான பிலிம் முன்கூட்டியே சுற்றி வைக்கப்பட்டிருந்தது. வாங்கியவர் பொத்தானை அமுக்கி, பிலிமை அடுத்த படத்துக்குச் சுற்றினால் போதும். நூறும் முடிந்தபின் காமிராவை அப்படியே ராச்செஸ்டர் தொழிற்சாலைக்கு அனுப்பிவிடலாம். அங்கே படங்களைக் கழுவி, புதுப் பிலிம் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். மருந்தும் இருட்டறையும் வாங்குபவருக்குத் தேவையில்லாமல் போயிற்று. ஆனால் காமிராவின் விலை 25 டாலர். ஒரு முறை கழுவிப் பிலிம் மாற்ற 10 டாலர். வாரம் 3 டாலர் சம்பளம் வாங்கிய பழைய ஈஸ்ட்மனைப் போன்ற ஒரு பையன் அதைக் கடைக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க முடியும்.

அந்தப் பையனுக்கும் எட்டும் காமிரா 1900ஆம் ஆண்டு பிப்ரவரியில் வந்தது. அதன் பெயர் பிரௌனி. ஈஸ்ட்மனுக்காக அதை வடிவமைத்தவர் பிராங்க் பிரௌனல். ஆனால் 'பிரௌனி' என்பது, பாமர் காக்ஸ் என்ற ஓவியர் வரைந்து அக்காலச் சிறுவர்களிடையே புகழ்பெற்றிருந்த குட்டிப் பூதங்களின் பெயர். காமிரா வந்த பெட்டியின் மேலேயே அந்தப் பூதங்களின் படம் இருந்தது. சிறுவர்களுக்கான பொருள் என்று பார்த்தவுடனே தெரிய வேண்டும் அல்லவா? விலை 1 டாலர். 6 படம் எடுக்கும் பிலிம் 15 காசு. முதல் ஆண்டிலேயே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரௌனிகள் விற்றன.

ஈஸ்ட்மன் தர்மத்துக்காக இதைச் செய்யவில்லை. காமிராவை மலிவாகக் கொடுத்தால் பிலிம் தொடர்ந்து விற்கும் என்பது அவருடைய வியாபாரக் கணக்கு. கணக்கு வியாபாரியுடையதாக இருந்தாலும், பலன் மக்களுக்கும் கிடைத்தது.

இனி, அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று பார்ப்போம். கனத்த அட்டையால் செய்து, மேலே தோலைப் போன்ற தாள் ஒட்டிய ஒரு பெட்டி. முன்பக்கம் ஒரே ஒரு சிறு கண்ணாடி வில்லை. அதைத் தூரத்துக்கு ஏற்றபடி திருப்ப முடியாது. ஏறத்தாழ எட்டு அடிக்கு அப்பால் உள்ளதெல்லாம் ஓரளவு தெளிவாக விழும்படி ஒரே இடத்தில் நிலையாக வைத்திருந்தார்கள். வில்லையின் அருகில் துளையுள்ள ஒரு தகடு. விசையைத் தள்ளினால் அந்தத் தகடு சுழன்று, கண் இமைக்கும் நேரம் மட்டும் வெளிச்சத்தை உள்ளே விடும். அவ்வளவுதான்.

பின்பக்கத்தில் சிவப்பு நிறத்தில் ஒரு சிறு சன்னல் இருந்தது. பிலிமின் முதுகில் ஒட்டிய தாளில் 1, 2, 3 என்று அச்சிட்டிருக்கும் எண்கள் அந்தச் சன்னலில் தெரியும். ஏன் சிவப்பு? அந்தக் காலத்துப் பிலிமைச் சிவப்பு வெளிச்சம் பாதிக்காது. அதனால் சன்னலும் இருக்கலாம், படமும் கெடாது. படிக்காத பிள்ளையும் எண்ணைப் பார்த்துப் பிலிமைச் சுற்றலாம். வெயிலை முதுகுப் பக்கம் வைத்துக்கொள், பெட்டியை வயிற்றோடு அணைத்துப் பிடி, மூச்சை அடக்கி விசையைத் தள்ளு. பாடம் இவ்வளவில் முடிந்தது.

இந்த எளிமையால் விளைந்ததற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கியது நமக்குத் தெரியும். படகுகளில் தப்பியவர்களைக் கடலிலிருந்து மீட்டது கார்ப்பேத்தியா என்ற கப்பல். அதில் பயணியாக இருந்த பெர்னிஸ் பாமர் என்ற 17 வயதுப் பெண்ணிடம் ஒரு பிரௌனி இருந்தது. பனிப்பாறையையும், போர்வை போர்த்திய நிலையில் கப்பல் தளத்தில் நின்ற மக்களையும் அவர் படம் எடுத்தார். கரை சேர்ந்ததும் ஒரு படச் செய்தி நிறுவனம் அந்தப் படங்களின் உரிமையை வெறும் 10 டாலருக்கு வாங்கிக்கொண்டது. அவற்றின் மதிப்பு அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. நடுக்கடலில், ஒரு பெண்பிள்ளையின் விளையாட்டுக் காமிரா சரித்திரத்துக்குச் சாட்சி ஆயிற்று.

1930இல், தம் நிறுவனத்தின் 50ஆம் ஆண்டை முன்னிட்டு ஈஸ்ட்மன், அந்த ஆண்டு 12 வயது நிறையும் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ ஐந்து லட்சம் காமிராக்களை இலவசமாகக் கொடுத்தார். அங்கே 12 வயதுப் பிள்ளையின் கையில் காமிரா வந்துவிட்டது.

நம் மலாயாவில் அப்போது நிலைமை என்ன? அமெரிக்காவின் ஒரு டாலர் நம் பணத்தில் ஏறத்தாழ இரண்டு வெள்ளி. 1920களின் இறுதியில், முக்கியத் தோட்ட வட்டாரங்களில் இந்தியத் தொழிலாளிக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பிறகு வந்த விலை வீழ்ச்சியில் அதுவும் குறைந்தது. ஒரு டாலர் காமிராவுக்கே ஓர் ஆண் தொழிலாளி ஏறத்தாழ நாலு நாள் கூலியை அப்படியே கொடுக்க வேண்டும். பிலிமும் கழுவும் செலவும் வேறு. அரிசிக்கும் பருப்புக்கும் போக மீதம் ஊருக்கு அனுப்ப வேண்டும் என்றிருந்தவர் காமிராவை நினைத்துப் பார்த்திருப்பாரா? ஆகவே காமிரா பெரும்பாலும் பங்களாவில் இருந்தது, லயத்துக்கு வரவில்லை. பால்மரத்தடியில் நிற்கும் நம்மவர்களின் பழைய படங்கள் பல இன்று கிடைக்கின்றன. அவற்றில் மரத்தின் பெயர் எழுதியிருக்கும், தோட்டத்தின் பெயர் எழுதியிருக்கும். நிற்பவரின் பெயர் பெரும்பாலும் இருக்காது.

1948இல் அவசர காலச் சட்டம் வந்தபோது, 12 வயதும் அதற்கு மேலும் ஆன அனைவருக்கும் அடையாளக் கார்டு கட்டாயம் ஆயிற்று. அதில் கைரேகையும் நிழற்படமும் வேண்டும். நம் முன்னோர் பலரின் முகம் முதன்முதலாகப் படத்தில் பதிந்தது அப்போதுதான். அந்தப் படங்களில் ஒரு திகைப்பு தெரிகிறது அல்லவா? அது அவர்கள் ஆசைப்பட்டு எடுத்துக்கொண்ட படம் அன்று.

காமிரா இன்னும் மலிவாவதற்குப் பிளாஸ்டிக் காலம் வர வேண்டியிருந்தது. 1960களில் ஹாங்காங்கின் கவ்லூன் பகுதியில் இருந்த ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலை டயானா என்ற காமிராவைச் செய்தது. உடம்பும் பிளாஸ்டிக், வில்லையும் பிளாஸ்டிக். ஓரிரு டாலருக்கு விற்றது. கேளிக்கைச் சந்தைகளில் பரிசாகவும் கொடுத்தார்கள். 1982இல் அதே ஹாங்காங்கில் ஹோல்கா என்ற மற்றொரு காமிரா வந்தது. அதைப் படைத்தவர் லீ திங்-மோ. சீன நாட்டுச் சாதாரணக் குடும்பங்களும் வாங்க வேண்டும் என்பது அவர் எண்ணம். 'மிகுந்த வெளிச்சம்' என்ற பொருளுள்ள கண்டனீசு மொழிச் சொல்லிலிருந்து அதன் பெயர் பிறந்தது.

இந்தக் காமிராக்களின் குறைகளைச் சொன்னால் சிரிப்பு வரும். மூடி சரியாகப் பொருந்தாது. இடுக்கு வழியாக வெளிச்சம் புகுந்து படத்தில் கோடு போடும். கறுப்பு டேப் ஒட்டித்தான் அடைக்க வேண்டும். படத்தின் நடுப்பகுதி ஓரளவு தெளிவாக இருக்கும். ஓரங்கள் மங்கிக் கறுத்துப் போகும். பிலிமைச் சுற்ற மறந்தால் ஒரு படத்தின் மேலேயே இன்னொரு படம் விழும். பழைய ஹோல்காவில் வெயிலுக்கு ஒன்று, மேகத்துக்கு ஒன்று என்று இரண்டு குறிகள் போட்டு ஒரு விசை வைத்திருந்தார்கள். அதை எந்தப் பக்கம் தள்ளினாலும் உள்ளே துளையின் அளவு மாறாது!

அப்படியிருந்தும் அவை அழியவில்லை. நான்சி ரெக்ஸ்ராத் என்ற அமெரிக்கப் பெண்மணி டயானாவைக் கொண்டே படங்கள் எடுத்து, 1977இல் 'அயோவா' என்ற நூலாக வெளியிட்டார். அந்த மங்கலான படங்கள் சிறு வயது ஞாபகத்தைப் போலவே இருந்ததால், அவற்றைப் பலரும் விரும்பினர். ஹோல்காவின் உற்பத்தி 2015இல் நின்றது. ஆனால் கேட்டு வாங்குவோர் இருந்ததால் 2017இல் மீண்டும் சந்தைக்கு வந்தது.

விலையுயர்ந்த கருவிகள் வந்தபின்னும் இந்த விளையாட்டுக் காமிராவில் மக்களுக்கு என்ன ஆசை? மூன்று காரணங்களைச் சொல்லலாம். முதலாவது, அதைக் கண்டு யாருக்கும் பயமில்லை. பெரிய காமிராவைக் கண்டால் நிமிர்ந்து, சட்டையை இழுத்துவிட்டு, முகத்தை மாற்றிக்கொள்வோம். பிளாஸ்டிக் பெட்டியைக் கண்டால் இயல்பாக இருப்போம். இரண்டாவது, அதில் 12 அல்லது 16 படம்தான் எடுக்கலாம். ஆகவே எதை எடுப்பது என்று யோசிக்க வைக்கிறது. மூன்றாவது, எடுத்த படம் எப்படி வந்திருக்கும் என்று கழுவி வரும்வரை தெரியாது. தீபாவளிச் சட்டை தையற்காரரிடமிருந்து வரும்வரை காத்திருப்போமே, அந்தக் காத்திருப்பின் சுகம் அதில் இருக்கிறது.

இந்த மூன்றையும் நான் புத்தகத்தில் மட்டும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2006ஆம் ஆண்டு ஒரு தோட்டப் பள்ளியில் பணியாற்றியபோது, பத்து வெள்ளிக்கும் குறைவான பிளாஸ்டிக் காமிரா ஒன்றை வகுப்புக்கு வாங்கினேன். பன்னிரண்டு பிள்ளைகள். ஒரு பிலிமில் 36 படம். ஆளுக்கு மூன்று என்று பங்கிட்டேன். "உங்களுக்கு முக்கியமானதை எடுங்கள்" என்று மட்டும் சொன்னேன். பூ, மயில், கோயில் கோபுரம் என்று எடுத்து வருவார்கள் என்பது என் எதிர்பார்ப்பு.

படங்கள் கழுவி வந்தன. ஒருவன் அம்மாவின் பால் வெட்டும் கத்தியை எடுத்திருந்தான். ஒருத்தி ஆயாக்கொட்டகை வாசலையும், அங்கே காயப்போட்டிருந்த ஏணைத் துணிகளையும் எடுத்திருந்தாள். வெற்றிலை இடிக்கும் பாட்டியை எடுத்தவன் பாட்டியின் தலையைப் பாதி வெட்டிவிட்டான். ஆனால் இடிக்கும் கை தெளிவாக இருந்தது. ஒரு சிறுமி மட்டும் தன் மூன்றாவது படத்தை எடுக்காமல் கடைசி நாள்வரை பிடிவாதமாக வைத்திருந்தாள். அதுதான் 36ஆவது படம். வேலை முடிந்து வந்த அப்பா லயத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து பூட்ஸ் கழற்றும் காட்சி. மூடி விலகியதால் படத்தின் குறுக்கே நெருப்பு நிறத்தில் ஒரு கோடு விழுந்திருந்தது.

வகுப்புச் சுவரில் ஒட்டுவதற்கு நல்ல படங்களைத் தேர்ந்தெடுத்தேன். அந்தப் படத்தைக் 'கெட்டுப்போனது' என்று ஒதுக்கி வைத்தேன். சிறுமி மேசையருகே வந்து நின்றாள்.

"டீச்சர், அத நீங்க தூக்கிப் போடுறதா இருந்தா எனக்குக் குடுங்க டீச்சர். நல்லா இல்லாட்டிப் பரவால்ல. அது எங்க வீடு."

கொடுத்தேன். சில ஆண்டுகளில் அந்தத் தோட்டம் கைமாறியது. லயங்களை இடித்தார்கள். குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்கும் உறவினர் வீடுகளுக்கும் பிரிந்து போயின. பல ஆண்டுகள் கழித்து அந்தப் பெண்ணை ஒரு திருமண வீட்டில் சந்தித்தேன். அவளுடைய அப்பா காலமாகிவிட்டார். அந்த வீடும் அப்பாவும் சேர்ந்திருக்கும் படம் குடும்பத்திலேயே அது ஒன்றுதான் என்றும், சட்டம் போட்டு மாட்டியிருப்பதாகவும் சொன்னாள். எது கெட்ட படம், எது நல்ல படம் என்று தீர்ப்புச் சொல்ல அவசரப்படக்கூடாது என்பதை ஆசிரியையாகிய நான் ஒரு பத்து வயது மாணவியிடம் கற்றுக்கொண்டேன்.

நேயர்களே, இன்று நம் எல்லார் கையிலும் கைத்தொலைபேசி இருக்கிறது. அதற்குள் காமிரா இருக்கிறது. கருவி இல்லை என்ற குறை தீர்ந்துவிட்டது. ஆனால் ஆயிரம் படம் எடுத்து, தொலைபேசி தண்ணீரில் விழுந்த அன்றே ஆயிரத்தையும் இழப்பவர்களும் நாம்தான். ஆகவே சில யோசனைகளைச் சொல்கிறேன். ஆண்டுக்கு ஒரு முறை, உங்களுக்கு முக்கியமான 12 படங்களைத் தேர்ந்தெடுத்துக் கடையில் கொடுத்துக் காகிதத்தில் அச்சிட்டு வையுங்கள். பழைய படங்களின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், பெயர், தோட்டம், ஆண்டு இவற்றை எழுதுங்கள். பேனா மை மறுபக்கம் ஊறும். படங்களைப் பசை போட்டு ஒட்டாதீர்கள். ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே அந்தத் தகரப் பெட்டியை அவர்கள் முன்னால் திறந்து, ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெயர் சொல்லத் தெரிந்தவர் போய்விட்டால் படம் இருந்தும் பயனில்லை.

ஒரு டாலர் அட்டைப் பெட்டி உலகத்துக்குச் செய்த உதவி இதுதான்: தங்கள் வாழ்க்கையில் எது முக்கியம் என்று சாதாரண மக்களே முடிவு செய்து, அதைப் பதிந்து வைக்க வழி செய்தது. நம் முன்னோருக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. நமக்குக் கிடைத்திருக்கிறது. நம் பேரப் பிள்ளைகள் பெட்டியைத் திறந்து, "இந்தப் படத்தை எடுத்தது யார்?" என்று கேட்கும்போது, "நம் வீட்டு ஆள்தான்" என்ற பதில் கிடைக்கட்டும்.